தேர்தல் விதியை யார் மூலம் மாற்றுவது? அமெரிக்க மாநிலங்களில் உள்ள வழிகள்

2020 நவம்பரில் மிசூரி மாநிலத்து வாக்காளர் கையில் வந்த வாக்குச்சீட்டில், மாநிலச் சட்டமன்றம் அனுப்பிய ‘திருத்தம் 3’ என்று ஒரு கேள்வி இருந்தது. மேலிருந்து படித்தால் முதலில் வருவது: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லாபியிஸ்டுகள் (அவர்களைத் தங்கள் பக்கம் சாய்க்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள்) பரிசு கொடுப்பதைத் தடை செய்யலாமா? நல்லதுதானே. அடுத்தது: தேர்தல் நன்கொடைக்கான உச்சவரம்பைக் குறைக்கலாமா? அதுவும் நல்லதுதான். மூன்றாவதாக, கொஞ்சம் நீளமாக, தொகுதி எல்லைகளை வரையும் முறையை மாற்றுவது பற்றிய வாசகங்கள்.

அந்தப் பரிசுகளுக்கு ஏற்கெனவே 5 டாலர் வரம்பு இருந்தது. அதைப் பூஜ்யமாக்கினார்கள். மாநில செனட் (மேலவை) வேட்பாளருக்கான நன்கொடை வரம்பு 2,500 டாலரிலிருந்து 2,400 ஆனது. நூறே டாலர். இந்த இரண்டு வெல்லத்துண்டுகளுக்குள் வைத்து ஊட்டிய மாத்திரைதான் மூன்றாவது பகுதி. இரண்டு வருடத்துக்கு முன், 2018-இல், 62 சதவீதம் பேர் வாக்களித்துக் கொண்டுவந்த தொகுதி வரையறை முறையை அது ரத்து செய்தது. கட்சி சாராத மக்கள்தொகை நிபுணர் ஒருவர் மாநிலத் தொகுதிகளின் எல்லைகளை வரைய வேண்டும் என்பது 2018-இன் ஏற்பாடு. திருத்தம் 3 சுமார் 51 சதவீதத்தில் ஜெயித்தது. அந்த நிபுணர் ஒரு கோடு போடுவதற்குள் பதவியே போய்விட்டது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி இரண்டு மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்ட நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். ஒரு குழு அவரைக் கையெழுத்து வாங்க வரச் சொல்கிறது. இன்னொரு குழு, வாருங்கள், நம் தொகுதி உறுப்பினரைப் பார்த்து மசோதா கொண்டுவரச் சொல்லலாம் என்கிறது. சனிக்கிழமை ஒன்றுதான் கையில் இருக்கிறது, எதற்குப் போகலாம்? அவர் எதிர்பார்த்தது, தொகுதி எல்லையை வரையும் சுயேச்சை ஆணையமா, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் போடும் தரவரிசை வாக்கா என்பது மாதிரியான பதில். என் பார்வையில் அது இரண்டாவது கேள்வி. சீர்திருத்தம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது, வந்தபின் யார் கை அதன்மேல் படலாம் என்பதுதான் முதல் கேள்வி.

அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நாடு முழுக்கத் தேர்தலை நடத்தும் ஆணையம் கிடையாது. நாடாளுமன்றத் தேர்தலின் நேரம், இடம், முறையைக்கூட அந்தந்த மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கும் என்கிறது அரசியலமைப்பின் முதல் பிரிவு. வேண்டுமானால் காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், அதை மாற்றலாம். ஆக, பெரும்பாலான மாநிலங்களில் உறுப்பினர்கள் தாங்கள் போட்டியிடும் தொகுதியின் எல்லையைத் தாங்களே வரைகிறார்கள். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி மாதிரிப் பிராணி போல நெளிந்ததாகக் கேலி செய்து, லாபத்துக்கு எல்லையை வளைக்கும் இந்த வேலைக்கு வைத்த பெயர்தான் ஜெரிமாண்டர். இருநூறு வருடத்தில் மாறியது, பென்சிலுக்குப் பதில் மென்பொருள். இல்லினாயில் ஜனநாயகக் கட்சியும் டெக்சஸில் குடியரசுக் கட்சியும் இதைக் கூச்சமில்லாமல் செய்கின்றன. ஒரு கட்சி செய்யும் பாவம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்சி லாபத்துக்காக எல்லையை வளைத்த வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கைகழுவிவிட்டது. அதன்பின் அந்தச் சண்டை எல்லாமே மாநிலத்துக்குள்தான்.

சரி, சட்டமன்றத்தையே நம்பும் வழியை முதலில் பார்ப்போம். இதற்குப் பெரிய செலவில்லை. எழுதப்படும் சட்டமும் பொதுவாக ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் தேர்தல் அலுவலர்களைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதுகிறார்கள். 2021-இல் கென்டக்கியில் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை நிறைவேற்றிய மசோதாவில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் கையெழுத்திட்டார். முன்கூட்டியே வாக்களிக்க மூன்று நாள், அஞ்சல் வாக்கில் கையெழுத்துத் தவறினால் சரிசெய்ய ஒரு வாய்ப்பு, இப்படிப் பயனுள்ள விஷயங்கள் அதில் இருந்தன. கவனியுங்கள், இதில் எதுவும் யாருடைய நாற்காலியையும் நேரடியாக ஆட்டவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்பதைத் தொடாதவரை சட்டமன்றம் நல்ல வாசல்தான்.

தொட்டால்? விஸ்கான்சினைப் பாருங்கள். 2018 தேர்தலில் மாநிலக் கீழவைக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் மொத்தமாகப் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினார்கள். கிடைத்தது 99-இல் 36 இடம். அந்த வரைபடத்தால் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், ஐயா இதை மாற்றுங்கள் என்றால் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டச் சொல்கிற கதைதான்.

விதிவிலக்கு அயோவா. அங்கே 1980-இலேயே சட்டமன்றம் தானாக ஒரு சட்டம் போட்டது. வரைபடத்தைச் சட்டமன்றத்தின் கட்சி சாராத பணியாளர் அலுவலகம் தயாரிக்கிறது. வரையும்போது இப்போதைய உறுப்பினர் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. வாக்காளர்களின் கட்சிப் பதிவையோ கடந்த தேர்தல் முடிவையோ தொடக் கூடாது. சட்டமன்றம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம். இரண்டு முறை நிராகரித்துவிட்டு மூன்றாவது வரைவில்தான் கைவைக்க முடியும். 2021-இல் முதல் வரைவை மேலவை நிராகரித்தது. போச்சு, இந்த முறை கைவைக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாவது வரைவை ஏற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் அது சாதாரணச் சட்டம். நாளைக்கே ஒரு வாக்கெடுப்பில் ரத்து செய்யலாம். நாற்பது வருடப் பழக்கமும் வெட்கமும்தான் காவல். வெட்கத்தை இன்னொரு மாநிலத்துக்கு நகலெடுக்க முடியாது என்பதால் அயோவாவை முன்மாதிரியாகக் காட்டும் கட்டுரைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஆனால் அந்த வெட்கம் மற்ற இடங்களில் அடியோடு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2025 டிசம்பரில் இந்தியானாவில், வெள்ளை மாளிகையே வற்புறுத்தியும், பத்து வருடச் சுற்று முடியுமுன்னே காங்கிரஸ் தொகுதிகளை மறுபடி வரையும் மசோதாவை மாநில செனட் 31-க்கு 19 என்று தோற்கடித்தது. 50 பேரில் 40 பேர் குடியரசுக் கட்சியினர் இருக்கும் அவை அது. அவர்களில் 21 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

அடுத்தது, மக்களே கையெழுத்துச் சேர்த்துக் கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றும் ‘முன்முயற்சி’ வழி. ஏறக்குறைய பாதி மாநிலங்களில்தான் இந்த வசதி உண்டு. இதிலும் இரண்டு வகை. ஒன்று சாதாரணச் சட்டமாக வருவது, இன்னொன்று மாநில அரசியலமைப்பைத் திருத்துவது. கையெழுத்து வாங்க வருகிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார். நாம்தான் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சாதாரணச் சட்டமாக வந்தால் என்ன ஆகும்? தென் டகோட்டாவில் 2016 நவம்பரில் மக்கள் ஓர் ஊழல் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். தேர்தல் நிதி, லாபியிஸ்ட் பரிசு எல்லாம் அதில் அடக்கம். 2017 தொடக்கத்தில் சட்டமன்றம் கூடி அதை ரத்து செய்தது. அதுவும் அவசரச் சட்டம் என்ற முத்திரையோடு, அதாவது உடனே அமலாகும்படியும், மக்கள் கையெழுத்துச் சேர்த்து அந்த ரத்தை மறுவாக்கெடுப்புக்கு இழுக்க முடியாதபடியும். மூன்று மாதம்கூட முழுசாக ஓடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான்.

யூட்டாவின் கதை இன்னும் நீளம். 2018-இல் ‘முன்மொழிவு 4’ மயிரிழையில் ஜெயித்து, ஒரு சுயேச்சைத் தொகுதி வரையறை ஆணையம் வந்தது. 2020-இல் சட்டமன்றம் அதை ஆலோசனை மட்டும் சொல்லும் குழுவாக்கியது. 2021-இல் ஆணையத்தின் வரைபடங்களை ஓரமாக வைத்துவிட்டுத் தன் வரைபடத்தை நிறைவேற்றியது. சால்ட் லேக் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) நாலாகக் கிழித்து நாலு காங்கிரஸ் தொகுதிகளிலும் ஒட்டினார்கள். வழக்குப் போனது. அரசு முறையைச் சீர்திருத்த மக்கள் கொண்டுவந்த சட்டத்தைச் சட்டமன்றம் தன் இஷ்டத்துக்குக் குலைக்க முடியாது என்று 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே அவசரக் கூட்டம் போட்டு, அந்த அதிகாரத்தைத் தங்களுக்கே கொடுக்கும் ‘திருத்தம் டி’யை வாக்குச்சீட்டில் வைத்தார்கள். மக்கள் முன்முயற்சி உரிமையை இது ‘வலுப்படுத்தும்’ என்று அதன் சுருக்கத்தில் எழுதியிருந்தார்கள்! வாசகம் வாக்காளரை ஏமாற்றுகிறது, செய்தித்தாளில் முறைப்படி வெளியிடவும் இல்லை என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2025-இல் பழைய வரைபடமே நீக்கப்பட்டுப் புதியது வந்தது. மக்கள் வாக்களித்து ஏழு வருடம் கழித்து.

இந்த ஏழு வருடத்தை நண்பர் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து வாங்கும் மூன்று மாதம் செலவின் ஆரம்பம்தான். அதன்பின் வக்கீல் கட்டணம் கட்ட ஒரு அமைப்பு உயிரோடு இருந்தால்தான் வாங்கிய வெற்றி நிற்கும். அரிசோனாவில் இந்தத் தொல்லை குறைவு. 1998-இலேயே மக்கள் முன்யோசனையோடு ஒரு பூட்டுப் போட்டார்கள். மக்கள் நிறைவேற்றிய சட்டத்தைச் சட்டமன்றம் ரத்து செய்ய முடியாது. திருத்த வேண்டுமானால் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், அதுவும் அந்தச் சட்டத்தின் நோக்கத்தை வளர்க்கும் திருத்தமாக இருக்க வேண்டும்.

அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வருவோம். நான் சாய்வது இந்தப் பக்கம், அதனால் இதன் ஓட்டைகளைக் கூடுதலாகவே சொல்கிறேன்.

நல்ல உதாரணம் மிச்சிகன். 2016 தேர்தல் முடிந்த கையோடு ஒரு இளம்பெண் போட்ட ஃபேஸ்புக் பதிவில் தொடங்கி, தன்னார்வலர்களே நூற்றுச் சொச்சம் நாளில் 4 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்தார்கள். 2018-இல் 61 சதவீத ஆதரவு. விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் 13 பேர்: ஜனநாயகக் கட்சி ஆதரவாளர் 4, குடியரசுக் கட்சி ஆதரவாளர் 4, எந்தப் பக்கமும் சேராதவர் 5. வரைபடம் நிறைவேற மூன்று தரப்பிலிருந்தும் குறைந்தது இரண்டிரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். சமீபத்தில் பதவியில் இருந்தவர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள், லாபியிஸ்டுகள் யாரும் உறுப்பினராக முடியாது. அப்படி வரைந்த எல்லையில் நடந்த 2022 தேர்தலில் ஏறக்குறைய 40 வருடத்துக்குப் பிறகு ஆளுநர் பதவி, இரு அவைகள் மூன்றும் ஜனநாயகக் கட்சியிடம் போயின. 2024-இல் கீழவை குடியரசுக் கட்சிக்குத் திரும்பியது. கை மாறுகிறது, அதுதான் வேண்டும்.

ஆனால் குலுக்கலில் வந்த சாதாரணர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். டெட்ராய்ட் பகுதியில் 13 தொகுதிகளை இனத்தை முதன்மையாக வைத்து வரைந்துவிட்டார்கள் என்று 2023 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் அங்கே வாழும் கறுப்பின வாக்காளர்கள். அந்தத் தொகுதிகளைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று.

இன்னொரு ஓட்டை, ‘ஆணையம்’ என்ற சொல்லுக்குள் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்பது. ஓஹாயோவில் 2015-இலும் 2018-இலும் மக்கள் பெரிய ஆதரவோடு சீர்திருத்தம் என்று வாக்களித்தது எதற்கு? ஆளுநர், தணிக்கையாளர், மாநிலச் செயலர், நாலு சட்டமன்றப் பிரதிநிதிகள் என ஏழு அரசியல்வாதிகள் அடங்கிய ஆணையத்துக்கு. அவர்கள் போட்ட வரைபடங்களை மாநில உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப நிராகரித்தது. அவர்கள் திரும்பத் திரும்ப அதையே லேசாகத் திருத்தி அனுப்பினார்கள். நாள் கடந்துபோய், நிராகரிக்கப்பட்ட வரைபடத்திலேயே 2022 தேர்தல் நடந்தது. அந்தத் தீர்ப்புகளைத் தந்த தலைமை நீதிபதி மொரீன் ஓ'கானர், அவரும் குடியரசுக் கட்சிக்காரர், ஓய்வு பெற்றபின் முழுக்க மக்களைக் கொண்ட ஆணையத்துக்காக முன்னால் வந்தார். 2024-இல் அது தோற்றது. காரணம் பல இருக்கலாம். ஒன்று நிச்சயம்: வாக்குச்சீட்டு வாசகத்தை எழுதியது மாநிலச் செயலர் தலைமையிலான வாரியம், அந்த ஆணையம் ஜெரிமாண்டர் செய்யக் ‘கடமைப்பட்டது’ என்று அதில் எழுதினார்கள்.

வர்ஜீனியாவில் பாதி சட்டமன்ற உறுப்பினர்கள், பாதி குடிமக்கள் என 16 பேர். இரட்டைப்படை. 2021-இல் அப்படியே முட்டிக்கொண்டு நின்றது, கடைசியில் நீதிமன்றம் ஆள் வைத்து வரைந்தது. ஒரு மனுவில் கையெழுத்துப் போடுமுன் நான் பார்க்கச் சொல்வது இரண்டே இடம்: உட்காருகிறவர்கள் யார், முட்டிக்கொண்டால் தீர்ப்பவர் யார்.

இனி, எழுதிய வாசகம் தானாக அமலாகிறதா என்பது. ஃப்ளோரிடாவில் திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும். 2018-இல் தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தம் 64 சதவீதத்துக்கும் மேல் வாங்கியது. ‘தண்டனையின் எல்லா அம்சங்களும்’ முடிந்திருக்க வேண்டும் என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடித்தால்தான் உரிமை என்று 2019-இல் சட்டமன்றம் விளக்கச் சட்டம் போட்டது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் பார்க்க அப்போது வழியே இருக்கவில்லை. அரசியலமைப்பில் எழுதியும், சாவி சட்டமன்றத்தின் கையிலேயே இருந்துவிட்டது.

சட்டமன்றங்களும் சும்மா இல்லை, கதவையே குறுக்குகிறார்கள். அர்கன்சாவில் 2023-இல் 15 கவுண்டிகளுக்குப் பதில் 50 கவுண்டிகளில் கையெழுத்து வேண்டும் என்றாக்கினார்கள். ஓஹாயோவில் அதே வருடம் ஆகஸ்டில் திருத்தத்துக்கான வரம்பை 60 சதவீதமாக்கப் பார்த்தார்கள். மக்கள் 57 சதவீதம் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்தார்கள்.

நீதிமன்ற வழியை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முன்முயற்சி வசதி இல்லாத மாநிலத்தில் அதுதான் கதி. பென்சில்வேனியாவில் 2018-இலும் விஸ்கான்சினில் 2023-இலும் வேலை செய்தது. ஆனால் பல மாநிலங்களில் நீதிபதியும் தேர்தலில் வருகிறவர். வட கரோலைனாவில் 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் கட்சிச் சார்பான வரைபடத்தைச் செல்லாது என்றது. அந்த நவம்பரில் நீதிபதித் தேர்தலில் பெரும்பான்மை மாறியது. 2023-இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பையே திருப்பிக்கொண்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

எந்தச் சீர்திருத்தம் என்ற இரண்டாவது கேள்விக்கும் ஒரு வார்த்தை. தரவரிசை வாக்கு எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் கால் இன்னும் ஊன்றவில்லை. மெய்ன் மாநிலத்தில் 2016-இல் மக்கள் கொண்டுவந்தார்கள், சட்டமன்றம் ஒத்திப்போட்டது, 2018-இல் மக்கள் மறுவாக்கெடுப்பில் காப்பாற்றினார்கள். மாநில அரசியலமைப்பில் இருந்த பழைய வாசகத்தால் இன்றுவரை ஆளுநர் பொதுத்தேர்தலுக்கு அது பொருந்தாது. 2024-இல் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஒரேகான் எல்லாவற்றிலும் தோற்றது. அலாஸ்காவில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் உயிர் பிழைத்தது. ஒரேகானில் அதை வாக்குச்சீட்டுக்கு அனுப்பியது சட்டமன்றமேதான். ஆளுநர் முதல் நாடாளுமன்றம் வரை பட்டியலிட்டவர்கள், தங்கள் சட்டமன்றத் தேர்தலை மட்டும் அதில் சேர்க்கவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

என் தேர்வுக்கு எதிரான பலமான வாதம் ஒன்று உண்டு, அதை மறைத்தால் நியாயமில்லை. கலிஃபோர்னியா 2008-லும் 2010-லும் நாட்டிலேயே நல்ல ஆணையத்தை அரசியலமைப்பில் எழுதியது. 2025 ஆகஸ்டில் டெக்சஸ் ஐந்து இடம் கூடுதலாகப் பிடிக்க வரைபடத்தை மாற்றியதும், நவம்பரில் கலிஃபோர்னியா மக்களே சட்டமன்றம் வரைந்த வரைபடத்தை 2030 வரைக்கும் ஏற்றுக்கொண்டு, காங்கிரஸ் தொகுதிகளில் ஆணையத்தை ஒதுக்கி வைத்தார்கள். எதிராளி கத்தியோடு நிற்கும்போது நான் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு எந்த மாநிலத்துத் தனிப் பூட்டும் பதில் தராது. அதைக் காங்கிரஸ்தான் தர முடியும். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். அங்கே பூட்டைத் திறக்க மக்களிடம் கேட்க வேண்டியிருந்தது. டெக்சஸில் யாரையும் கேட்கவில்லை. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள், அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை இல்லாமல் செய்ய, மாநிலத்தை விட்டே போனார்கள், இரண்டு வாரத்தில் திரும்பினார்கள், மசோதா நிறைவேறியது.

ஆகவே நண்பருக்குச் சொன்னது இவ்வளவு. முன்கூட்டிய வாக்குப்பதிவு, வாக்காளர் பதிவு மாதிரி விஷயமென்றால் உறுப்பினரைப் போய்ப் பார்க்கலாம், அதற்குக் கையெழுத்து இயக்கம் வீண் செலவு. தொகுதி எல்லை என்றால், உங்கள் மாநிலத்தில் வசதி இருந்தால், அரசியலமைப்புத் திருத்த மனுவுக்கு மட்டும் சனிக்கிழமையைக் கொடுங்கள். சாதாரணச் சட்டம் என்றால், அரிசோனா மாதிரிப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வசதியே இல்லையென்றால் ஆளுநர் தேர்தலும், யாரும் கவனிக்காத மாநில நீதிபதித் தேர்தலும்தான் உங்கள் வாசல்.

“அப்போ மிசூரி? அங்கே அரசியலமைப்பிலேயே எழுதியும் போச்சே” என்றார் அவர். சரியான கேள்வி. போனது, ஆனால் ஒரு முழு வாக்கெடுப்பும் வெல்லத்துண்டும் தேவைப்பட்டது. அப்புறம் 2025 செப்டம்பரில் அதே மிசூரிச் சட்டமன்றம் கான்சஸ் சிட்டியைப் பிளந்து புதிய காங்கிரஸ் வரைபடம் போட்டது. அது சாதாரணச் சட்டம் என்பதால் மக்கள் மறுவாக்கெடுப்புக் கேட்கலாம். கேட்பதற்குக் கெடு 90 நாள். டிசம்பரில் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டியில் பெட்டி பெட்டியாக இறக்கிய தாள்களில், தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேலாக, 3 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் இருந்தன.